மாசிலாமணி நினைவுப் புல்வெளி

அப்பாவால நகர முடியல.

சர்ச் புல்வெளிக்கு நட்ட நடுவுல, விழுந்துடாம இருக்க ரெண்டு கையையும் விரிச்சிட்டு நின்னுட்டு இருந்தாரு. ரெண்டு கால்லயும் பலகை கட்டியிருந்தாரு. ஒவ்வொரு பலகைக்கும் அடியில நாலு இஞ்ச் ஆணி, இருபத்தி நாலு. முதல் அடி வெச்ச உடனே எல்லா ஆணியும் மண்ணுக்குள்ள போயிடுச்சு. திரும்பி வரல.

"ஏட்டி, கைய புடிச்சி இழு," ன்னாரு.

இழுத்தேன். அப்பா என் பக்கம் சாஞ்சாரு. கால் அங்கேயே இருந்துச்சு.

"கைய இழுக்காத. கால இழு."

"எந்த கால்ப்பா?"

"உங்க ஆத்தா கால. எது வருதோ அத இழுட்டி."

அந்த நேரம் பார்த்து பாஸ்டர் வந்தாரு. சனிக்கிழமை காலைல மறுநாள் பிரசங்கத்த யோசிச்சிட்டே அவரு அங்க நடப்பாரு. அப்பா கைய விரிச்சிட்டு நிக்கிறத பார்த்தாரு. அப்படியே அவரும் நின்னு கண்ண மூடிக்கிட்டாரு. பாஸ்டர் மூடினா நான் தொறந்துட்டு இருக்க முடியுமா, நானும் மூடிக்கிட்டேன். அப்பா மட்டும் தொறந்துட்டு முறைச்சிட்டு இருந்தாரு.

"ஆமென்," ன்னு பாஸ்டர் முடிச்சாரு. "மனசுல என்ன பாரம் ரூபஸ் அண்ணே?"

"பாரம் ஒண்ணுமில்ல பாஸ்டர். ஆணி."

கடைசியில வாட்ச்மேன் நாகேந்திரன் அண்ணன் வந்து கயித்த அறுத்து அப்பாவ வெறுங்கால்ல இறக்கி விட்டாரு. பலகைய கடப்பாறை போட்டு நெம்பினாங்க. ஆணி வந்துச்சு. கூடவே தோசை மாதிரி ரெண்டு பெரிய வட்டம் புல்லும் மண்ணும் வந்துச்சு.

இது எதுக்குன்னா, எங்க ஸ்வீட்லின் அக்காவுக்கு இந்த மாசக் கடைசியில கல்யாணம். மாப்பிள்ளை வீடு கொரட்டூர். ரிசப்ஷன் திறந்தவெளியில, புல்வெளியிலதான் வேணும்னு மாப்பிள்ளையோட அம்மா சொல்லிட்டாங்க. எங்க பக்கத்துல அவ்ளோ பெரிய புல்வெளி எங்க சர்ச்லதான் இருக்கு. பத்திரிகையில 'ஆலயப் புல்வெளியில்'னு அடிச்சாச்சு. அந்த ஒரு வரிய மட்டும் தங்கக் கலர்ல அடிக்கச் சொன்னாங்க அந்த அம்மா.

புது வருஷ ராத்திரி மழை பெஞ்சுது. நாலு நாள் ஆகியும் புல்வெளியில தண்ணி வத்தல. ஒரு பக்கமா கணுக்கால் அளவுக்கு ஒரு குளம்.

"பொண்ணு மாப்பிள்ளைய படகுல ஏத்தி விடுவோமா?" ன்னு அம்மா கேட்டாங்க. எங்க அம்மா எவாஞ்சலின் கோவத்துலதான் நல்லா பேசுவாங்க.

அப்பா ஒரு குச்சிய எடுத்துட்டு போயி மண்ண குத்திப் பார்த்துட்டு வந்தாரு. குச்சி ஒடஞ்சிடுச்சு.

"வாராவாரம் கார நிப்பாட்டி நிப்பாட்டி மண்ணு இறுகிப் போச்சு. தண்ணி உள்ள இறங்க வழியில்ல. வேருக்கு மூச்சு போகல. பூரா குத்தி விட்டா சரியாயிடும்."

நான்தான் ஒரு வீடியோ தேடிக் காட்டினேன். அதுல ஒரு வெள்ளைக்காரரு பெரிய மெஷின் ஓட்டிட்டு போறாரு, பின்னாடி வரிசையா ஓட்டை விழுது. அப்பா மூக்குக் கண்ணாடிய ஏத்திவிட்டு மூணு வாட்டி பார்த்தாரு.

"இதுக்குப் போயி மெஷினா? நம்ம செஞ்சிரலாம்லா."

அப்பா வேலை செய்யறது பாதுகாப்புத் துறை பேக்டரியில. தரப் பரிசோதனை. இருபத்தி ஆறு வருஷமா யாராவது செஞ்சத அளந்து பார்த்து, சரியில்லன்னு திருப்பி அனுப்பறதுதான் வேலை. அவரு சொந்தமா ஒண்ணு செஞ்சு நான் பார்த்ததே இல்ல. ஆணிப் பலகைதான் முதல்.

இதுல ஜாபஸ் அங்கிள் எங்க வராருன்னா, புல்வெளியே அவரோடது. எங்க சர்ச்ல எல்லாத்துலயும் யாராவது பேரு இருக்கும். ஃபேன் றெக்கையில இருக்கும், சுத்தும்போது படிக்க முடியாது. கை கழுவற குழாய்க்கு மேல இருக்கும். பெஞ்சு முதுகுல இருக்கும், சாஞ்சா நம்ம முதுகுல பதியும். எல்லாத்தையும் விட பெரிய கல்லு புல்வெளி ஓரத்துல. 'கர்த்தருக்குள் நித்திரையடைந்த திரு. மாசிலாமணி அவர்கள் நினைவாக, அன்னாரின் மகன் திரு. ஜாபஸ் அன்பளித்த மெக்சிகன் புல்வெளி'. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வெச்சது.

ஜாபஸ் அங்கிள் சர்ச் பொருளாளர். ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடி அப்பாவோட செக்‌ஷன்ல ஃபோர்மேன். இப்பவும் அவரு போன் வந்தா அப்பா எழுந்து நின்னுதான் பேசுவாரு. எனக்கு அத பார்த்தாலே எரியும்.

அந்த சனிக்கிழமை சாயங்காலமே ஆணி விஷயம் அவருகிட்ட போயி சேர்ந்துடுச்சு.

"யாரக் கேட்டு ஆணி அடிச்ச ரூபஸ்?"

"பாஸ்டர்ட்ட சொன்னேன் சார். காத்து போறதுக்குத்தான்..."

"எங்கப்பா நெஞ்சுல அடிச்ச மாதிரி இருக்குய்யா. மெக்சிகன் கிராஸ்னா என்னன்னு தெரியுமா உனக்கு? குழந்தை மாதிரி. பாத்துப் பாத்து போட்டேன்."

"தண்ணி நிக்குது சார். ரிசப்ஷன் அன்னிக்கு..."

"பண்ணு. வேணாங்கல. ஆனா புல்லுக்கு ஏதாவது ஆச்சு, உன் பொண்ணு ரிசப்ஷன் சண்டே ஸ்கூல் ஹால்லதான். கமிட்டி லெட்டர் என் கையெழுத்துலதான் வரும், தெரியும்ல."

சண்டே ஸ்கூல் ஹால்னா ஆஸ்பெஸ்டாஸ் கூரை. செவுத்துல நோவா பேழை வரைஞ்சிருக்கும். ஒட்டகச்சிவிங்கிக்கு கழுத்து உரிஞ்சி போயி பத்து வருஷம் ஆச்சு. அக்கா அன்னிக்கு சாப்பிடல.

வேற யாரா இருந்தாலும் அதோட விட்டிருப்பாங்க. அப்பா அன்னிக்கு ராத்திரியே டிராயிங் போட உக்காந்துட்டாரு. ஒரு இரும்பு டிரம்மு, அத சுத்தி முள்ளு, நடுவுல ராடு, இழுக்க கைப்பிடி. உருட்டிட்டே போனா ஓட்டை விழணும்.

கோவில்பதாகை ரோட்டுல கோவிந்தராஜ் அங்கிள் வெல்டிங் கடை இருக்கு. நானும் கூட போனேன்.

"இன்னா சார் இது, மச்சி ஊட்டு பிளானா?"

"டிராயிங். நூத்தி அறுபது முள்ளு. ஒவ்வொண்ணும் எழுபத்தஞ்சு மில்லிமீட்டர். முன்ன பின்ன அரை."

"அரை இன்னா?"

"அரை மில்லிமீட்டர்."

கோவிந்தராஜ் அங்கிள் என் பக்கம் திரும்பினாரு. "பாப்பா, இத்த மண்ணுலதானே குத்தப் போறாரு?"

"ஆமா அங்கிள்."

"மண்ணு இன்னா, ஸ்கேல் வெச்சிகினு உக்காந்துகினு கீதா உள்ள?"

மூணு நாள் கழிச்சி முள்ளெல்லாம் ரெடின்னு போன் வந்துச்சு. அப்பா பையிலேர்ந்து வெர்னியர எடுத்தாரு. நூத்தி அறுபதையும் ஒண்ணொண்ணா அளந்தாரு. முப்பத்தி ஒண்ணுல சாக்பீஸால பெருக்கல் குறி போட்டாரு.

"இன்னா நைனா, முப்பது வருசமா கேட்டு, கிரில்லுன்னு அடிச்சிகினு கீறேன். ஒருத்தன் கூட என்ன பெயில் போட்டதில்ல," ன்னாரு கோவிந்தராஜ் அங்கிள். அவருக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமா போச்சு. டீ கூட வாங்கித் தரல.

வீட்ல அம்மா, "பொண்ணுக்கு பிளவுஸ் அளவு குடுக்க வாங்கன்னா வர நேரமில்ல. முள்ளுக்கு அளவு எடுக்க மூணு மணி நேரம் இருக்கு," ன்னாங்க.

அந்த முப்பத்தி ஒண்ணையும் மாத்தி, சனிக்கிழமை டிரம்ம கொண்டாந்தோம். பார்க்க பெரிய முள்ளம்பன்னி மாதிரி இருந்துச்சு. அப்பா கைப்பிடிய புடிச்சி இழுத்தாரு. அது கடகடன்னு குதிச்சிட்டே வந்துச்சு. மண்ணுல ஓட்டை விழல, கீறல்தான் விழுந்துச்சு.

"வெயிட்டு பத்தல," ன்னாரு அப்பா. "உள்ள தண்ணிய ரொப்புவோம்."

ரொப்பினோம். டிரம்மு தகடு மெலிசு. வெல்டு வெச்ச இடத்துல எல்லாம் பொத்தல் விழுந்திருக்கு. நூத்தி அறுபது முள்ளோட வேர்லேர்ந்தும் பூவாளி மாதிரி தண்ணி பீச்சுச்சு. ஏற்கனவே குளமா இருந்த இடத்துல இன்னும் ஒரு டிரம்மு தண்ணி.

கோவிந்தராஜ் அங்கிள் மட்டும் சந்தோஷமா இருந்தாரு. "குத்தவும் குத்துது, தண்ணியும் ஊத்துது. ரெண்டு வேலை ஒரே துட்டு. இதையும் அளந்து பார்க்கிறியா சார்?"

"மண்ண ரொப்பு," ன்னாரு அப்பா.

ஈர மண்ண ரொப்பினதும் முன்னூறு கிலோ ஆயிடுச்சு. அப்பா, கோவிந்தராஜ் அங்கிள், நாகேந்திரன் அண்ணன், நான், நாலு பேரும் தள்ளினோம். நாங்கதான் பின்னாடி போனோம்.

"என் குட்டி யானைய கட்டி இழுத்துரலாம்," ன்னாரு கோவிந்தராஜ் அங்கிள். அவரோட சரக்கு வண்டி.

கயிறு கட்டி முதல் வரிசை இழுத்தப்ப, சத்தியமா சொல்றேன், அவ்ளோ அழகா இருந்துச்சு. வீடியோவுல வந்த மாதிரியே. சின்ன சின்ன ஓட்டை, வரிசை தப்பாம. அப்பா மண்டி போட்டு வெர்னியரோட பின்கம்பிய ஒரு ஓட்டைக்குள்ள விட்டுப் பார்த்தாரு.

"எழுபத்தி நாலரை," ன்னாரு. குரலே மாறிடுச்சு.

பத்தொன்பது வரிசை வரைக்கும் நல்லா போச்சு. இருபதாவது வரிசை திரும்பும்போது குட்டி யானையோட பின்சக்கரம் சேத்துல இறங்கிடுச்சு. கோவிந்தராஜ் அங்கிள் ஆக்சிலேட்டர அழுத்தினாரு. சக்கரம் அங்கேயே சுத்தி ரெண்டு பள்ளம் தோண்டிச்சு. இன்னும் அழுத்தினாரு. கயிறு அறுந்துச்சு.

எங்க புல்வெளி வடக்குப் பக்கம் கொஞ்சம் சரிவு. டிரம்மு மெதுவா கிளம்புச்சு. ஒண்ணும் பெரிய வேகம் இல்ல. மனுஷன் நடக்கிற வேகம்தான். ஆனா முன்னூறு கிலோ முள்ளுக்கு முன்னாடி போயி யாரு நிப்பா? அப்பா அது பக்கத்துலயே நடந்துட்டு, "நில்லு, நில்லு, ஏ நில்லு," ன்னு சொல்லிட்டே போனாரு. மாட்டுக்கிட்ட பேசற மாதிரி.

அந்த சரிவுலயே வடக்கு செவுரு வரைக்கும் நேரா போர்வெல் பைப்பு புதைச்சிருக்காங்க. டிரம்மு அந்தப் பைப்பு மேலயே, அது போற திசையிலயே, நீளத்துக்கும் போயி செவுத்துல முட்டி நின்னுச்சு.

ஒரு நிமிஷம் ஒண்ணும் ஆகல. அப்புறம் தண்ணி வந்துச்சு. ஒரு இடத்துல இல்ல. இருபத்தி ரெண்டு இடத்துல. எல்லாம் ஒரே உயரம், ஒரே இடைவெளி. முன்ன பின்ன அரை.

ஜாபஸ் அங்கிள் அப்பதான் கேட்டுக்குள்ள வராரு. ஞாயித்துக்கிழமை காணிக்கைக் கவர் குடுக்க வந்திருக்காரு.

"ஃபவுண்டன் வெக்கலாம்னு கமிட்டியில தீர்மானம் போட்ட மாதிரி எனக்கு ஞாபகம் இல்லியே ரூபஸ்," ன்னாரு.

அப்பா நனைஞ்சிட்டே எழுந்து நின்னாரு. ஏற்கனவே நின்னுட்டுதான் இருந்தாரு, ஆனா எழுந்து நின்ன மாதிரி இருந்துச்சு.

அன்னிக்கு ராத்திரி சர்ச் வாட்ஸ்அப் குரூப்புல ஜெபக் குறிப்பு வந்துச்சு. ஒண்ணு, தேர்வு எழுதும் பிள்ளைகள். ரெண்டு, பாஸ்டர் மாமியாரின் முழங்கால். மூணு, சிதைக்கப்பட்ட நமது புல்வெளி. கீழ அறுபத்தி மூணு பேர் கை கூப்பியிருந்தாங்க. பைப்ப மாத்த வரேன்னு ஒருத்தர் கூட போடல. அப்பா மட்டும் விடியக்காலம் நாலு மணிக்கு போயி, டார்ச்சு வெச்சிட்டு, பைப்ப மாத்தி மூடிட்டு வந்து, குளிச்சிட்டு ஆராதனைக்கு வந்தாரு. பாட்டு பாடும்போதே தூங்கினாரு. அதுக்கும் ஒருத்தர் திரும்பிப் பார்த்தாரு.

எனக்கு எதுல ரொம்ப கோவம்னா, அப்பா சொன்னது நடந்துச்சு. பைப்புத் தண்ணியும் குளத்துத் தண்ணியும் சேர்ந்து மறுநாள் காலைல மொத்தமா வத்திப் போயிருந்துச்சு. ஒரு சொட்டு நிக்கல. அப்பா என்ன கூட்டிட்டு போயி காட்டினாரு. "பாத்தியாட்டி, உள்ள போயிட்டு," ன்னாரு. நாங்க ரெண்டு பேர்தான் பார்த்தோம். மத்தவங்க எல்லாம் சக்கரம் தோண்டின பள்ளத்த பார்த்தாங்க. பெண்கள் ஐக்கியச் செயலாளர் ஆன்ட்டியோட ஹீல்ஸ் ஒரு ஓட்டையில மாட்டிக்கிச்சு, அத பார்த்தாங்க.

"ரிசப்ஷனுக்குள்ள பழையபடி பச்சையா இருக்கணும். இல்லன்னா நான் கையெழுத்து போட மாட்டேன்," ன்னுட்டாரு ஜாபஸ் அங்கிள்.

அப்பா ஒரு சின்ன மூட்டை யூரியா வாங்கிட்டு வந்தாரு.

இப்ப சொல்லப் போறத நான் இதுவரைக்கும் வீட்ல யார்கிட்டயும் சொல்லல.

பொங்கல் லீவு எனக்கு. அப்பாவுக்கு அன்னிக்கு டூட்டி. போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டு போனாரு. ஒரு பக்கெட் தண்ணிக்கு ஒரு கைப்பிடி யூரியா. நல்லா கரைக்கணும். பூவாளியில ஊத்தி தெளிக்கணும். மொத்தம் அறுபது பக்கெட். மிச்சத்த மூட்டையிலயே கட்டி வெச்சிரணும்.

நான் ஏழு பக்கெட் தெளிச்சேன். கை விட்டுப் போச்சு. வெயிலு மண்டையில எறங்குது. ஃபிரெண்ட்ஸ் எல்லாம் எங்கயோ போயி போட்டோ போட்டுட்டு இருக்காங்க. இன்னும் அம்பத்தி மூணு. எப்படியும் உள்ளதானே போகப் போகுது, தண்ணியில போனா என்ன, சும்மா போனா என்னன்னு தோணுச்சு. மூட்டைய இடுப்புல வெச்சிட்டு, அரிசி தூவற மாதிரி கையால அள்ளி அள்ளி வீசினேன். மிச்சமும் வெக்கல. மொத்த மூட்டையும். இருபது நிமிஷத்துல வீட்டுக்கு வந்துட்டேன்.

"அறுபதும் ஊத்தினியாட்டி?"

"ஊத்திட்டேன்ப்பா."

"கை வலிக்கா?"

"லேசா."

எங்க அம்மாகிட்ட சொல்லி என் கைக்கு எண்ணெய் தேச்சு விடச் சொன்னாரு.

ரெண்டாவது நாள் மஞ்சளாச்சு. நாலாவது நாள் கருகிடுச்சு. அதுவும் எப்படி, என் கை எங்கெங்க வீசிச்சோ அப்படியே அச்சு மாதிரி. விசிறி விசிறியா. மேலேர்ந்து பார்த்தா யாரோ வீசினதுன்னு குழந்தைக்குக் கூட தெரியும். ஆனா ஒருத்தருக்கும் அப்படி தோணல. ஏன்னா அதுக்குள்ள எல்லாரும் அப்பாதான்னு முடிவு பண்ணிட்டாங்க.

அப்பா அந்த கருகின புல்ல கிள்ளி உள்ளங்கையில வெச்சி திருப்பித் திருப்பி பார்த்தாரு. வீட்டுக்கு வந்து பேப்பர எடுத்து கணக்கு போட்டாரு. மறுபடியும் போட்டாரு.

"நான்தான் அளவு தப்பா எழுதிக் குடுத்திருக்கேன்," ன்னு அம்மாகிட்ட சொன்னாரு.

இருபத்தி ஆறு வருஷத்துல அவரு வாயில அந்த வார்த்தை வந்ததில்ல. நான் அப்ப பாத்ரூம்ல குழாய திறந்து விட்டுட்டு அழுதேன்.

வெள்ளிக்கிழமை சர்ச் போர்டுல ஒட்டியிருந்தாங்க. 'ஞாயிறு ஆராதனைக்குப் பின் அவசரக் கமிட்டி. பொருள்: நினைவுப் புல்வெளிச் சேதம். சகோ. ரூபஸ் தவறாமல் வரவும்.' சகோதரர்னு போட்டிருக்காங்க பாரு, அதான் எனக்கு எரிஞ்சுது. ஜாபஸ் அங்கிள் வீட்டுக்கே வந்துட்டாரு. சோபாவுல உக்காந்தாரு. அப்பா நின்னாரு.

"கமிட்டியில எழுந்து, எங்கப்பா நினைவை அவமதிச்சதுக்கு மன்னிப்பு கேட்கணும். சபை முன்னாடி. அப்புறம் அதே புல்லு, அதே மெக்சிகன், போட்டுத் தரணும். அது வரைக்கும் புல்வெளியில எந்த நிகழ்ச்சியும் கிடையாது."

"மன்னிப்பு கேட்டுடறேன் சார். புல்லும் போட்டுடறேன். எந்த நர்சரியில வாங்கினீங்கன்னு சொன்னீங்கன்னா அங்கேயே..."

"அதெல்லாம் இப்ப யாருக்கு ஞாபகம். பில்லெல்லாம் கரையான் அரிச்சிடுச்சு. நீ கெடுத்தது, நீ தேடு."

அம்மா காபி கொண்டாந்து வெச்சாங்க. சர்க்கரை போடல. அது தெரிஞ்சே பண்ணது.

அவரு போனதும் கொரட்டூர்லேர்ந்து மாப்பிள்ளை அம்மா போன். டெக்கரேஷன் ஆளுக்கு காட்டணுமாம், புல்வெளிய ஒரு போட்டோ எடுத்து அனுப்பணுமாம். அக்கா போன வருஷம் ஈஸ்டருக்கு எடுத்தத அனுப்பினா. 'சூப்பர் மா'ன்னு பதில் வந்துச்சு. அக்கா போன குப்புற கவுத்து வெச்சிட்டு, என்ன பார்த்து, "இந்த மனுஷன் ஏன்டி சும்மா இருக்க மாட்டாரு?" ன்னா.

எனக்கு அப்பவே சொல்லிடணும்னு இருந்துச்சு. காபி டம்ளர எடுத்துட்டு உள்ள போயிட்டேன்.

விடிஞ்சா கமிட்டி. சபை முன்னாடி அப்பா எழுந்து நிப்பாரு. அந்த ஜாபஸ் சாரு உக்காந்திருப்பாரு. என்னால தூங்க முடியல. ஆனா அதுக்கு காரணம் கமிட்டி மட்டும் இல்ல. இன்னிக்கு சாயங்காலம் நடந்ததுதான்.

இன்னிக்கு மத்தியானம் நான் நாகேந்திரன் அண்ணன்கிட்ட போயி கேட்டேன். அண்ணா, அஞ்சு வருஷம் முன்னாடி இந்த புல்லு போட வந்தாங்களே, யாருன்னு தெரியுமான்னு.

"அந்த லோடு வண்டியில வந்தவரு சம்பத்து. குத்தம்பாக்கத்துக்காரரு. நம்பர் என்கிட்ட கீது," ன்னாரு.

"இத ஏன் யாருக்கும் சொல்லல?"

"யாரு பாப்பா என்ன கேட்டாங்க?"

நானே போன் போட்டேன். அப்பா பேர சொல்லி, அவசரம்னு சொன்னேன். அஞ்சரை மணிக்கு பைக்குல வந்தாரு. அம்பது வயசு இருக்கும். இப்ப ஒரு நர்சரியில வேலை பண்றாராம். அந்த நேரத்துல புல்வெளியில நானும் அவரும்தான்.

"பெரியவங்க யாரும் இல்லியா பாப்பா?"

"இல்லண்ணா. எனக்கு அதே மெக்சிகன் கிராஸ் வேணும். ரெண்டு வாரத்துல பச்சையாகணும். எங்க அக்கா ரிசப்ஷன் இங்கதான்."

அவரு சுத்தி ஒரு பார்வை பார்த்தாரு. ஓட்டை, பள்ளம், கருகின விசிறி எல்லாத்தையும்.

"இன்னா பண்ணீங்க இத்த?"

அவ்ளோதான். எனக்கு என்ன ஆச்சோ தெரியல. முன்ன பின்ன தெரியாத ஆள்கிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். வீடியோ காட்டினது, ஏழு பக்கெட், மூட்டை, பொய், எண்ணெய் தேச்சு விட்டது, அப்பா அளவு தப்புன்னு சொன்னது, நாளைக்கு மன்னிப்பு. மூக்கு ஒழுகுது, தொடைக்கக் கூட தோணல. "நான்தான்ணா கொன்னேன். எங்கப்பா ஒண்ணும் பண்ணல," ன்னேன்.

அவரு குத்த வெச்சி உக்காந்தாரு. பைக் சாவிய ஒரு ஓட்டைக்குள்ள விட்டு நோண்டினாரு. கருகின தாளோட அடியில கருப்பா, கொட்டைப் பாக்குல பாதி அளவு, நாலஞ்சு கிழங்கு வந்துச்சு. ஒண்ண நகத்தால கிள்ளி மோந்து பார்த்தாரு. உள்ள வெள்ளையா இருந்துச்சு. கிள்ளினத என் உள்ளங்கையில வெச்சிட்டு, கல்லுல எழுதியிருந்தத ஒரு தடவை வாய்விட்டு படிச்சாரு.

"அழுவாத பாப்பா," ன்னாரு. "அன்னிக்கு ஜாபஸ் சாரு புல்லே வாங்கல, நாலு லோடு ஏரி மண்ணு மட்டும் கொட்டச் சொல்லிட்டு எங்கள அனுப்ச்சிட்டாரு, இது பூரா அந்த மண்ணுல தானா மொளைச்ச கோரை, இத்த நீ குத்தினாலும் சாவாது கருக்கினாலும் சாவாது, கல்யாணத்துக்குள்ள முன்னவிட மொசமொசன்னு வந்து நிக்கும்."